சாட்சிச் சதுரம்

சுண்ணாம்பு மூன்று மாதம் குழியில் ஊறவேண்டும்.
அவசரப்பட்டால் சுவரிலேயே வெடிக்கும் என்கிறார் அபாக்கர்.
நாற்பது பேருக்குக் கூலி எழுதும் நிறுவனமோ
வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறது.

பவளப்பாறையை வெட்டி அடுக்கிய கோட்டை.
உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும்
செத்த கடலின் சின்னச் சின்ன அறைகள்.
கல் எங்கிருந்து வந்ததென்று
இந்தத் தீவில் எவரும் கேட்கவேண்டியதில்லை:
தென்பாதியில் எங்கள் கீற்று வீடுகள்
தெருவுக்குக் கீழே, வெட்டியெடுத்த பள்ளத்தில் நிற்கின்றன.
மழை நாளில் எங்களுக்கு முன்னால்
தெரு வீட்டுக்குள் இறங்கிவிடும்.

போர்த்துகீசியர் கட்டினார்கள் என்கிறது வாசல் பலகை.
கட்டினார்கள் என்ற சொல்லுக்குள்
எத்தனை முதுகுகள் என்று எழுதப்
பலகையில் இடமில்லை.
டச்சுக்காரர்கள் வந்தார்கள், முற்றுகையிட்டார்கள்,
ஊரை எரித்துவிட்டுப் போனார்கள்.
அதன் பிறகு பீரங்கிகளுக்குப் பெரிதாக வேலையில்லை.
வேலையெல்லாம் அந்தக் குட்டைக் கதவுக்குத்தான்.
அதன் வாசற்கல் நடுவில் குழிந்திருக்கிறது.
கப்பலேறிய பாதங்கள் தேய்த்ததா,
பின்னால் வந்த சிப்பாய்களா, ஆடுகளா,
கல் பிரித்துச் சொல்லாது.
மாற்றவேண்டாம் என்று வரைபடத்தில்
சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்வேன்:
தொட்டியைக் கட்டியவன் தண்ணீரை அறிந்தவன்.
மொட்டைமாடி முழுவதும் உள்ளங்கை போலக் குழிந்து
பெய்ததையெல்லாம் நிலத்தடிக்கு அனுப்புகிறது.
எந்தக் கொடி பறந்தபோதும்
மழை அதே துளை வழியாகத்தான் இறங்கியது.
நகராட்சிக் குழாய் வெறுமனே இருமும் மாதங்களில்
மஞ்சள் கேன்களோடு நாங்கள் வரிசையில் நின்றோம்,
எங்களை அடைத்துவைத்த இடத்தில்
குடிநீர் கேட்டு.

ஐந்தாம் மாதம் வெடிமருந்து அறைக்கு வந்தோம்.
வளைந்த கூரை முழுக்கக் கரி.
‘போர்க்கால அழுக்கு. நீக்குக’
என்றது தாள்.
ஈரப் பஞ்சும் மென்தூரிகையும் என் கையில்.

அந்த அழுக்கை எனக்குத் தெரியும்.
பெருநிலத்தில் ஊர்கள் எரிந்தபோது
ஒரு பானையோடும் என்னைச் சுமந்த வயிற்றோடும்
பாலத்தை நடந்தே கடந்தவள் அம்மா.
பதினேழு குடும்பங்கள், சாக்குத் தடுப்புகள்,
மரவள்ளி இலை வேகும் ஆவி.
மருந்து நனையக்கூடாதென்று கட்டிய அறையில்
நான் நனைந்து பிறந்தேன்.
மேற்குச் சுவரோரம் மூன்றாவது அடுப்பு எங்களுடையது.
அதன் புகை மேலே போய்
ஒரு கரிய வட்டமாக ஒட்டிக்கொண்டது.

பழையபடி ஆக்குவோம் என்கிறார்கள்.
எந்தப் பழையபடி?
நானூறு வருடத்தில் எந்தச் செவ்வாய்க்கிழமை?

கேட்கவில்லை. கூலி நாள் அது.

மப்புட்டோவிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் எட்டெல்வினா
தலைக்கவசத்தைக் கழற்றி வியர்வை துடைத்தபடி சொன்னார்:
‘எதைச் சுத்தம் செய்தாலும்
ஒரு சாண் சதுரம் தொடாமல் விடவேண்டும்.
முன்பு எப்படி இருந்ததென்று
பின்னால் வருபவர்கள் பார்க்க.
அதற்குச் சாட்சி என்று பெயர்.
எங்கே விடலாம், முவாஜிஸா?’
கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

யோசிப்பது போல அறையைச் சுற்றி வந்தேன்.
அபாக்கர் இருமினார்; அவருக்குத் தெரியும்.
சாரத்தில் ஏறி, நான்கு ஆணியடித்து, நூல் கட்டினேன்.
சாண் என்றார், என் கைக்குக் கொஞ்சம் பெரிய சாண்.

இப்போது அறை பால்போல இருக்கிறது.
பயணிகள் அண்ணாந்து கேட்கிறார்கள், அது என்ன கறை?
வழிகாட்டிப் பையன் சொல்கிறான்:
வேலை இன்னும் முடியவில்லை.

திறப்பு விழாவன்று அம்மாவை அழைத்துப்போய்க் காட்டினேன்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
நெடுநேரம் எண்ணினாள்.
‘மூன்றாவதா? நம்முடையது நான்காவது.
இது முவானாஷாவின் புகை.
அவள் எனக்கு ஒரு கிண்ணம் உப்பு
இன்னும் தரவேண்டும்.’